மூளையைப் பார்த்து எந்திரம் செய்ய நான்கு வழிகள்: யாருக்கு எது ஒத்துவரும்?

மூளை மாதிரி இயங்கும் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று கிளம்புபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு நாற்சந்தியில் வந்து நிற்கிறார்கள். சென்சாரையும் மோட்டாரையும் இணைத்து, இடையில் நாலு விதி எழுதினால் போதுமா? நியூரல் நெட்வொர்க் ஒன்றை, அதாவது நரம்பணுக்களின் பின்னலைப் பார்த்து எழுதிய கற்கும் நிரலை, பழக்குவதா? நிஜ நரம்பணு போலவே துடிக்கும் ஸ்பைக்கிங் வலையமைப்பையும் அதற்கென்று வந்திருக்கும் சிப்பையும் தேடிப் போவதா? இல்லை, ஏதோ ஓர் உயிரின் மூளை வரைபடத்தை அப்படியே கணினியில் ஏற்றி ஓட்டுவதா?

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் மூன்று வகை. ஆறு மாதத்தில் புராஜெக்ட் முடிக்க வேண்டிய மாணவர்கள். ரோபோவோ டிரோனோ செய்பவர்கள், அதாவது கடைசியில் அது ஓடியாக வேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பவர்கள். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதே தூக்கத்தைக் கெடுப்பதால் வருபவர்கள். மூவரும் "மூளையை நகலெடுக்க வேண்டும்" என்றே சொல்கிறார்கள். எதை நகலெடுப்பது என்று திருப்பிக் கேட்டால் மூன்று விதமான பதில் வருகிறது. குழப்பம் தொடங்குவதே அங்கேதான்.

## மூளை உண்மையில் என்ன கட்டளை இடுகிறது?

வழிகளை எடை போடுவதற்கு முன் ஒரு பழைய சோதனையைச் சொல்லிவிடுகிறேன். 1966இல் மாஸ்கோவில் ஷிக், செவரின், ஓர்லோவ்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள், பெருமூளையின் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையை ஓடுபட்டையில் நிறுத்தி, நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்சாரம் செலுத்தினார்கள். பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டினார்கள். நடை ஓட்டமாகி, ஓட்டம் பாய்ச்சலானது. எந்தக் கால் எப்போது தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மேலிருந்து போனது ஒரே ஒரு செய்தி: "இன்னும் கொஞ்சம் வேகம்". கால்களின் தாளத்தைத் தண்டுவடத்தில் இருக்கும் நரம்புச் சுற்றுகள் பார்த்துக்கொண்டன.

மூளை ஒரு தலைமைச் செயலகம், அங்கே உட்கார்ந்து ஒருவர் எல்லாத் தசைக்கும் உத்தரவு அனுப்புகிறார் என்ற படம் இதில் உடைந்துபோகிறது. நடத்தை அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருக்கிறது. அடியில் அனிச்சைச் செயல்களும் தாளச் சுற்றுகளும். அவற்றின் மேல் எதை எப்போது தூண்டலாம், எதை அடக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் பகுதிகள். இவற்றோடு, எது பலன் தந்தது என்று பார்த்து இணைப்புகளை மெல்லத் திருத்தும் கற்றல். இது போக, பசி, பயம், தூக்கம் வரும்போது அதே சுற்றை வேறு மாதிரி நடக்கவைக்கும் வேதிப்பொருள்கள்.

உடலையும் மறக்கக் கூடாது. பாலைவன எறும்பு இரை தேடி வளைந்து வளைந்து போய்விட்டு, நேர்க்கோட்டில் கூட்டுக்குத் திரும்பும். தூரத்தை அது எப்படி அறிகிறது? 2006இல் வெளியான ஒரு சோதனையில், இரையிடம் வந்து சேர்ந்த எறும்புகள் சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். பொய்க்கால் எறும்புகள் கூட்டைத் தாண்டிப் போய்த் தேடின. குட்டைக்கால் எறும்புகள் கூட்டுக்கு முன்பே நின்று தேடின. எறும்பின் தூரக்கணக்கு அடி எண்ணிக்கையில் இருக்கிறது. அதன் மூளையை மட்டும் பெயர்த்து வேறு காலில் வைத்தால் கணக்கு தப்பும்.

## எதை வைத்து எடை போடுவது

இனி அளவுகோல்கள். எனக்கு ஐந்து முக்கியம்.

முதலாவது, உங்களுக்கு வேண்டியது வேலை நடப்பதா, விளக்கம் கிடைப்பதா. இரண்டும் ஒரே பொருளில் கிடைக்கும் என்று நம்பித்தான் பலர் வருடங்களைத் தொலைக்கிறார்கள். இரண்டாவது, அனுபவத்தின் விலை: எந்திரம் கற்றுக்கொள்ள எத்தனை முறை தவற வேண்டும், அத்தனை தவறையும் உங்கள் பொருள் தாங்குமா? மூன்றாவது, மின்சாரமும் தாமதமும். மேசைக் கணினிக்கு இது பெரிய விஷயம் இல்லை, பறக்கும் எந்திரத்துக்கு இதுவே உயிர். நான்காவது, தவறு நடந்தால் ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறதா. ஐந்தாவது, கருவிகள்: மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் உண்டா, மென்பொருள் முதிர்ந்திருக்கிறதா, சிப் கைக்குக் கிடைக்குமா.

துல்லியம் எங்கே என்று கேட்பீர்கள். அது இந்த ஐந்தின் விளைவு, தனி அளவுகோல் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டு.

## வழி ஒன்று: அனிச்சை அடுக்குகள்

1948, 49 வாக்கில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் எல்மர், எல்சி என்று இரண்டு எந்திர ஆமைகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் "மூளை" இரண்டே வெற்றிடக் குழாய்கள். வெளிச்சத்தை அறிய ஒன்று, முட்டியதை அறிய ஒன்று என இரண்டு உணரிகள். அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, தடையைச் சுற்றிப் போயின, பேட்டரி இறங்கினால் விளக்கு வைத்த கூண்டுக்குத் திரும்பின. பார்த்தவர்களுக்கு உயிருள்ளது போலவே தோன்றியது.

1984இல் பிரைட்டன்பெர்க் இதையே இன்னும் சுருக்கி ஒரு கற்பனை வண்டியாக முன்வைத்தார். இரண்டு ஒளி உணரி, இரண்டு சக்கரம். இடது உணரியை இடது சக்கரத்தோடு இணைத்தால், வெளிச்சம் விழும் பக்கச் சக்கரம் வேகமாகச் சுழன்று வண்டி விலகி ஓடுகிறது: பயந்த வண்டி. கம்பிகளைக் குறுக்காக மாற்றிப் போட்டால் அதே வண்டி வெளிச்சத்தின் மேல் பாய்கிறது: கோபக்கார வண்டி. மாறியது இரண்டு கம்பிதான். வெளியே தெரியும் நடத்தையின் சிக்கலைப் பார்த்து உள்ளே இருக்கும் சிக்கலை அளக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

1986இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராட்னி புரூக்ஸ் இதைப் பொறியியல் முறையாக்கினார். கீழ் அடுக்கு "முட்டாதே". அதற்கு மேல் "சுற்று". அதற்கும் மேல் "தேடு". மேல் அடுக்கு கீழ் அடுக்கை வேண்டும்போது அடக்கலாம், ஆனால் மேல் அடுக்கு செத்தாலும் கீழ் அடுக்கு ஓடும். அவருடைய ஆறு கால் ரோபோ கெங்கிஸ் இப்படித்தான் நடந்தது. 1990இல் அவர் உட்பட மூவர் தொடங்கிய ஐரோபோட் நிறுவனம் 2002இல் ரூம்பா என்ற, தரைத் தூசியை உறிஞ்சும் எந்திரத்தை விற்பனைக்கு விட்டது. பூனைச் சோதனையின் நேரடி வாரிசும் இந்த வழியில் உண்டு. 2007இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் இஸ்பேர்ட் குழு செய்த சாலமண்டர் ரோபோவில் தண்டுவடத் தாளச் சுற்றின் கணித மாதிரி ஒன்றுதான் உள்ளே. தூண்டும் சிக்னலைக் கூட்டிக்கொண்டே போனால் நடை நீச்சலாக மாறும்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில். பத்து நடத்தை எழுதினால் நாற்பத்தைந்து ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியிலும் யார் ஜெயிப்பது என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். நான் செய்த முதல் வண்டியில் இரண்டே விதி: இடப்பக்கம் சுவர் என்றால் வலப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் சுவர் என்றால் இடப்பக்கம் திரும்பு. அறையின் மூலைக்குப் போய் நின்று, பேட்டரி தீரும்வரை "இல்லை, இல்லை" என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் தீர்த்து வைத்தது, அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு திசையில் திரும்பு என்ற மூன்றாவது விதி. ஈ.கோலை பாக்டீரியாவும் இதையேதான் செய்கிறது என்று பிறகு படித்தேன்: நேராக நீந்தும், ஒரு குட்டிக்கரணம் போடும், புதுத் திசையில் மறுபடி நேராக நீந்தும். நரம்பணு ஒன்றுகூட இல்லாமல் உணவு இருக்கும் பக்கம் போய்ச் சேர்கிறது.

இந்த வழி தானாக எதையும் கற்காது. பூனையையும் நாயையும் படத்தில் பிரித்துச் சொல் என்றால் கையை விரித்துவிடும். ஆனால் சூழல் ஓரளவு தெரிந்தது, செய்ய வேண்டியது நகர்வது, தப்பிப்பது, சமநிலை காப்பது என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். தவறினால் ஏன் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

## வழி இரண்டு: பழக்கிக் கற்பிப்பது

இன்று செயற்கை நுண்ணறிவு என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. இது மூளையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை விட்டுவிட்ட வழி.

எடுத்துக்கொண்டது என்ன? ஹியூபலும் வீசலும் 1959 முதல் பூனையின் பார்வைப் புறணியில், அதாவது பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியில், கோட்டின் சாய்வுக்கு மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டார்கள். அதைப் பார்த்து ஜப்பானின் ஃபுகுஷிமா 1980இல் அடுக்கடுக்கான பார்வை வலையமைப்பு ஒன்றை வடிவமைத்தார். பின்னாளைய கன்வல்யூஷன் வலையமைப்புகளுக்கு அது முன்னோடி. 2012இல் பட அடையாளப் போட்டியில் அந்த வகை வலையமைப்பு ஒன்று மற்ற முறைகளைப் பெரிய இடைவெளியில் தோற்கடித்ததும் உலகமே இந்தப் பக்கம் திரும்பியது.

கடன் ஒரு திசையில் மட்டும் போகவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சட்டனும் பார்ட்டோவும் 1980களில் வலுவூட்டல் கற்றலுக்குக் கணக்கு எழுதினார்கள்: எதிர்பார்த்த பலனுக்கும் கிடைத்த பலனுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் திருத்திக்கொள். குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்களை அளந்துகொண்டிருந்த ஷுல்ட்ஸ், கணக்குப் போட்ட தயான், மான்டேகு ஆகிய மூவரும் 1997இல் அந்த நரம்பணுக்களின் துடிப்பு இதே வித்தியாசத்தைப் போலிருக்கிறது என்று காட்டினார்கள். எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் துடிப்பு கூடுகிறது. எதிர்பார்த்தபடி வந்தால் மாற்றம் இல்லை. எதிர்பார்த்து வராமல் போனால் துடிப்பு குறைகிறது. கணினிக்காரர்கள் எழுதிய சமன்பாட்டை மூளை முன்பே வைத்திருந்தது. சட்டனுக்கும் பார்ட்டோவுக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2024ஆம் ஆண்டுக்காகக் கிடைத்தது.

விட்டுவிட்டதும் நிறைய. பிழையைப் பின்னோக்கி அனுப்பி ஒவ்வொரு இணைப்பையும் திருத்தும் பேக்புரோபகேஷன் முறை அப்படியே மூளையில் நடப்பதற்குச் சான்று இல்லை. 1989இலேயே பிரான்சிஸ் கிரிக் இதைக் கேலியோடு சுட்டிக்காட்டினார்.

செலவுக் கணக்குக்கு வருவோம். 2015இல் அட்டாரி என்ற பழைய வீடியோ விளையாட்டுகளைத் தானே கற்ற நிரல் பெரிய செய்தியானது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அது ஆடிய நேரம் ஏறத்தாழ 38 நாள். ஒப்பிட்டுப் பார்க்க உட்காரவைத்த மனிதருக்குக் கொடுத்த பயிற்சி சுமார் இரண்டு மணி நேரம். திரையில் 38 நாள் தோற்கலாம், ஒன்றும் உடையாது. நிஜக் கை ரோபோ 38 நாள் மேசையில் மோதினால் கியர் போய்விடும். ஆகவே சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் உருவாக்கிய போலி உலகில், பழக்குகிறார்கள். அங்கே உராய்வு ஒரு எண், நிஜத்தில் தரையில் தூசி. இந்த இடைவெளியை நிரப்ப ஆகும் காலத்தை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. எழுதுங்கள்.

இன்னொன்று பரிசின் வடிவமைப்பு. 2016இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய விளையாட்டில் நிரலைப் பழக்கினார்கள். பரிசு, வழியில் உள்ள இலக்குகளை இடித்துக் கிடைக்கும் புள்ளி. படகு பந்தயத்தை மறந்துவிட்டு ஒரு குட்டையில் வட்டமடித்து, தீப்பிடித்து, மற்ற படகுகளை இடித்து, திரும்பத் திரும்ப முளைக்கும் மூன்று இலக்கை இடித்துப் புள்ளி குவித்தது. சொன்னதைச் செய்தது. நினைத்ததை அல்ல.

மறதியும் உண்டு. புதிய வேலையைப் பழக்கினால் பழைய வேலை அழிந்துபோகும் பிரச்சினை 1980களின் இறுதியிலிருந்தே தெரிந்தது. எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதி அன்றைய பாதைகளைத் தூக்கத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. மேலே சொன்ன அட்டாரி நிரலும் பழைய அனுபவங்களைச் சேமித்து இடையிடையே திரும்ப ஓட்டியதால்தான் நிலைத்தது.

படம், ஒலி, மொழி என்று விதி எழுதவே முடியாத இடங்களில் இதற்குப் போட்டி இல்லை. கருவிகளும் கேட்க ஆட்களும் இங்கேதான் அதிகம். உங்களிடம் தரவு இருந்து, தவறைத் தாங்கும் வசதியும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒரே தவறு ஓர் ஆளைக் காயப்படுத்தும் என்றால், அடியில் வழி ஒன்றின் அடுக்கைக் காவலுக்கு வைக்காமல் இறங்காதீர்கள்.

## வழி மூன்று: துடிப்பால் பேசும் சிப்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அத்தனையும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 20 வாட். ஒரு காரணம், நரம்பணுக்கள் சொல்ல விஷயம் இருந்தால் மட்டுமே துடிக்கின்றன. இன்னொரு காரணம், நினைவும் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சாதாரணக் கணினியில் தரவை நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே சுமந்து திரிவதிலேயே பெரும் ஆற்றல் போகிறது.

1980களில் கார்வர் மீட் தொடங்கிவைத்த, மூளையின் பாணியில் சிப் செய்யும் நியூரோமார்ஃபிக் துறை இந்த இரண்டையும் சிலிக்கனில் கொண்டுவரப் பார்க்கிறது. ஐபிஎம்மின் ட்ரூநார்த் சிப் 2014இல் பத்து லட்சம் நரம்பணு மாதிரிகளையும் 25.6 கோடி இணைப்புகளையும் சுமார் 70 மில்லிவாட்டில் ஓட்டியது. இன்டெல் 2017இல் லோய்ஹி சிப்பைக் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் தலைமுறையில் 1,152 சிப்களை அடுக்கிய ஹாலா பாயிண்ட் 2024இல் வந்தது: 115 கோடி நரம்பணு மாதிரிகள், உச்சத்தில் 2,600 வாட். மான்செஸ்டரின் ஸ்பின்னேக்கர் எந்திரம் 2018இல் பத்து லட்சம் செயலிக் கருக்களை எட்டியது.

எண்கள் மயக்கும். கொஞ்சம் நிதானியுங்கள். சிப்பின் மின்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து தரவு ஊட்டும் கணினியின் மின்சாரம் பெரும்பாலும் சேர்வதில்லை. உங்கள் கேமரா நொடிக்கு முப்பது முழுப் படம் தருகிறது என்றால், அதைத் துடிப்பாக மாற்றுவதிலேயே லாபம் கரைந்துவிடும். மாற்றம் நிகழ்ந்த புள்ளியை மட்டும் சொல்லும் ஈவென்ட் கேமரா இருந்தால் கதை வேறு. பழக்குவதும் எளிதல்ல. துடிப்பு என்பது உண்டு அல்லது இல்லை, நடுவில் சரிவு கிடையாது. ஆகவே சரிவைப் பார்த்து எந்தப் பக்கம் திருத்துவது என்று முடிவு செய்யும் பேக்புரோபகேஷன் நேராக ஓடாது, போலிச் சரிவு ஒன்றை வைத்து ஓட்ட வேண்டும். இந்தச் சிப்களில் பல ஆய்வுக் குழுக்களுக்கு மட்டுமே கிடைக்கின்றன.

எப்போது போகலாம்? பேட்டரியில் நாளெல்லாம் விழித்திருக்க வேண்டும், பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காது, நடந்தால் மில்லிநொடியில் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால். இரண்டு மட்டும் வந்தால் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சாதாரணச் சின்னச் சிப்பில் சிறிய வலையமைப்பே போதும்.

## வழி நான்கு: வரைபடத்தையே ஓட்டுவது

அதிகக் கனவும் அதிக ஏமாற்றமும் உள்ள வழி. இதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு 302 நரம்பணுக்கள். யாருடன் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற வரைபடம் 1986இல் ஒயிட், சவுத்கேட், தாம்சன், பிரென்னர் ஆகியோரால் வெளியானது. அதிலிருந்து ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. 2011இல் தொடங்கிய ஓப்பன்வார்ம் என்ற கூட்டுமுயற்சி புழுவின் உடலைக் கணினியில் நெளியவும் வைத்தது. ஆனால் வரைபடத்தை ஏற்றி பொத்தானை அழுத்தினால் நிஜப் புழுவின் முழு நடத்தையும் வந்துவிடுகிறதா என்றால், இல்லை.

ஏன்? வரைபடம் யாருக்கு யாரோடு தொடர்பு என்று சொல்லும். அந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது, தூண்டுமா அடக்குமா என்பதைப் பாதி சமயம் சொல்லாது. புழுவின் பெரும்பாலான நரம்பணுக்கள் நம்முடையவை போலப் பளிச்சென்று துடிப்பதும் இல்லை, மின்னழுத்தம் ஏறி இறங்குவதிலேயே பேசுகின்றன. இதற்கு மேல், கம்பியே இல்லாமல் பரவும் நியூரோபெப்டைடுகள் என்ற சிறு புரதத் துண்டுகள். அவற்றுக்கான மரபணுக்கள் மட்டும் இந்தச் சின்னப் புழுவில் நூற்றுக்கு மேல்.

நண்டின் வயிற்றை அசைக்கும் முப்பது சொச்சம் நரம்பணுக்களை ஈவ் மார்டர் பல பத்தாண்டுகளாக ஆய்ந்துவருகிறார். ஒரே சுற்று, வேதிப்பொருள் மாறினால் தாளம் மாறுகிறது. 2004இல் அவரும் பிரின்ஸ், பூச்சர் ஆகியோரும் இதற்கு நேர் எதிரான பக்கத்தையும் காட்டினார்கள். அந்தச் சுற்றின் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட அளவுகள் கொண்ட ஏராளமான மாதிரிகள் ஏறத்தாழ ஒரே தாளத்தைத் தந்தன. ஒரு சுற்று, பல நடத்தை. பல சுற்று, ஒரு நடத்தை. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால், மில்லிமீட்டர் பிசகாமல் நகலெடுத்தால் நடத்தை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

அதற்காக இந்த வழியை மூடிவிட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். பழ ஈயின் புழுப் பருவ மூளை 2023இல் முழுதாக வரையப்பட்டது: 3,016 நரம்பணுக்கள், சுமார் 5.48 லட்சம் இணைப்புகள். 2024இல் வளர்ந்த ஈயின் மூளை: ஏறத்தாழ 1.39 லட்சம் நரம்பணுக்கள், ஐந்து கோடிக்கு மேல் இணைப்புகள். அந்த வரைபடத்தை மிக எளிய துடிப்பு மாதிரியில் போட்டு, எது தூண்டும் எது அடக்கும் என்ற தகவலை மட்டும் சேர்த்து ஓட்டினார்கள். இனிப்பை உணரும் நரம்பணுக்களைத் தூண்டினால், உறிஞ்சுகுழலை நீட்டும் நரம்பணு வரை எந்தெந்த வழியாகச் செய்தி போகும் என்று மாதிரி முன்கூட்டியே சொன்னது. நிஜ ஈயில் சோதித்தபோது பெரும்பாலும் பொருந்தியது. குறிப்பிட்ட ஒரு கேள்வியோடு போனால் வரைபடம் பதில் சொல்கிறது. "நீயே ஈயாக மாறு" என்றால் சொல்வதில்லை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் வெளியான எலிப் பார்வைப் புறணி வரைபடம் ஒரு கன மில்லிமீட்டர்தான்: 52 கோடிக்கு மேல் இணைப்புகள், 1.6 பெட்டாபைட் தரவு (ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜிபி). மனித மூளை ஏறத்தாழ 12 லட்சம் கன மில்லிமீட்டர். பெருக்கினால் படச் சேமிப்பே இரண்டு ஜெட்டாபைட், அதாவது இருபது லட்சம் பெட்டாபைட் பக்கம் வருகிறது. 2009இல் ஹென்றி மார்க்ரம் என்ற மூளை ஆய்வாளர் பத்தாண்டில் மனித மூளையைக் கட்டலாம் என்றார். 2013இல் தொடங்கிய ஐரோப்பிய மனித மூளைத் திட்டம் 2023இல் முடிந்தபோது நல்ல மூளை வரைபடங்களும் கருவிகளும் கிடைத்தன. கட்டப்பட்ட மூளை கிடைக்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது விளக்கம் என்றால் இந்த வழிக்கு வாருங்கள். ரோபோ ஓட வேண்டும் என்றால் வேண்டாம்.

இதோடு ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் கேட்கிறார்கள்: உயிருள்ள நரம்பணுக்களையே வளர்த்துப் பயன்படுத்துவது. 2022இல் ஆஸ்திரேலியாவில் சுமார் எட்டு லட்சம் நரம்பணுக்களை மின்முனைத் தட்டில் வளர்த்து, பாங் என்ற பந்து விளையாட்டைக் கொஞ்சம் ஆடவைத்தார்கள். செல் வளர்ப்புக் கூடம் இல்லாதவர்கள் இதைப் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | அனிச்சை அடுக்கு | பழக்கிக் கற்பிப்பது | துடிப்புச் சிப் | வரைபடத்தை ஓட்டுவது |
|---|---|---|---|---|
| மூளையிடம் எடுப்பது | நடத்தையின் அடுக்கு | கற்கும் விதம் | பேசும் விதம் | இணைப்பு |
| எதற்கு | வேலை | வேலை | குறைந்த மின்சாரம் | விளக்கம் |
| வேண்டிய அனுபவம் | ஏறக்குறைய இல்லை | மிக அதிகம் | அதிகம் | வேறு வகை: அளவீடுகள் |
| மின்சாரம் | மிகக் குறைவு | பழக்கும்போது மிக அதிகம் | சரியான உணரி இருந்தால் குறைவு | அதிகம் |
| தவறின் காரணம் தெரியுமா | தெரியும் | கடினம் | கடினம் | அதைத் தேடுவதே வேலை |
| கருவிகள் | எளியவை | ஏராளம் | முதிரவில்லை | ஆய்வகம் சார்ந்தவை |
| மறைந்த செலவு | விதிகளின் மோதல் | பரிசு வடிவமைப்பு, சிமுலேஷன் இடைவெளி | தரவு மாற்றம், சிப் கிடைப்பது | வரைபடத்தில் இல்லாதவை |

## கலந்து செய்யலாமா?

செய்யலாம். ஓடும் ரோபோக்களில் பலவும் கலவைதான்: கீழே தாளமும் அனிச்சையும், மேலே பழக்கிய கண். உயிர்களும் அப்படித்தான் வந்திருக்கின்றன. தண்டுவடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு யாரும் பெருமூளை வளர்க்கவில்லை. கலவையின் செலவு இரண்டும் சந்திக்கும் எல்லையில் வரும். பழக்கிய பகுதி, கீழ் அடுக்கு தன்னை எப்போது மீறியது என்று தெரியாமலே கற்றால், தான் செய்யாத செயலுக்குத் தனக்குப் பரிசு கொடுத்துக்கொள்ளும். மீறிய ஒவ்வொரு முறையையும் பதிவு செய்து மேலே அனுப்புங்கள்.

சரி, அந்த மூன்று வகை ஆட்களுக்கு என்ன சொல்வேன்? ஆறு மாத மாணவருக்கு: வழி ஒன்றில் ஒரு வண்டி செய்து, அதே வண்டிக்கு வழி இரண்டில் ஒரே ஒரு திறமையைக் கற்றுக்கொடுத்து ஒப்பிட்டு எழுதுங்கள். முடியக்கூடிய வேலை, கேள்வி கேட்டால் பதிலும் இருக்கும். டிரோன்காரருக்கு: முதலில் உங்கள் உணரி எந்த வகை என்று பாருங்கள். ஈவென்ட் கேமரா இல்லாமல் வழி மூன்றைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். தூக்கம் கெட்டவருக்கு: பழ ஈயின் வரைபடம் இணையத்தில் திறந்தே கிடக்கிறது, இன்றிரவே இறக்கலாம். ஆனால் ஒரு கேள்வியோடு இறக்குங்கள்.

புழுவின் வரைபடத்தைச் சக்கர ரோபோவில் ஏற்றலாமா என்றும் கேட்கிறார்கள். 2014இலேயே ஒருவர் லெகோ ரோபோவில் ஏற்றினார், அது சுவர் வந்தால் பின்வாங்கிய காணொளி எங்கும் பரவியது. செய்யுங்கள், ஒரு வார இறுதி போதும். அது பின்வாங்கியதும் உடனே கைதட்டாமல், அதே 302 நரம்பணுக்களின் இணைப்புகளைச் சீட்டு கலைப்பதுபோலக் கலைத்துப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் சுவரைக் கண்டு பின்வாங்கினால், சுவரைத் தவிர்த்தது புழுவின் மூளை அல்ல, உணரியையும் மோட்டாரையும் நீங்கள் இணைத்த விதம்.